படத்தில் சிரிக்கும் குழந்தை

ஜன்னல்களைப் போர்வையால் மறைத்த மாதா கோயில் பங்குக் கூடத்தில், செவ்வாய்ப்பேட்டைச் சனம் வேட்டித் திரையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஜாம்பியாவில் ஆதரவற்ற தாய்மாருக்குக் குடும்பத்தோடு ஓராண்டு சேவை செய்து திரும்பிய அற்புதராஜ் படங்களை விளக்குகிறார். நர்சான மனைவி தெரசம்மாள் எதிரே ஸ்லைடு மெஷினுக்குப் பின்னால் நின்று படங்களை மாற்றுகிறாள். திரையில் பதினாறு வயதுத் தாயொருத்தியின் மடியில் கைக்குழந்தை சிரிக்கிறது. அது காய்ச்சலில் கிடந்தபோது, மகளுக்குப் பள்ளி திறக்கிறதென்று ஊருக்குக் கிளம்ப அவசரப்படுத்தியவள் தெரசம்மாள்தான். போன வாரம் அங்கிருந்து வந்த கடிதத்தை அவள் கணவரிடம்கூடக் காட்டவில்லை. “கொழந்த இப்ப நடக்குதுங்களா?” என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்கிறாள். “நடக்கறதா? ஓடியே திரியுமுங்க,” என்று அற்புதராஜ் சிரிக்கிறார். அடுத்த ஸ்லைடைக் கையில் எடுத்த தெரசம்மாள் அதைத் திரும்ப வைக்கிறாள். “இல்லீங்க, அது செத்துப்போச்சுங்க,” என்கிறாள். அவர் சட்டென்று திரும்புகிறார். மெஷினின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை.