ஆள் இருக்கும் வீடு

"அக்கா, மகன் பேரையும் எழுதிடவா? வருஷம் பூரா ஊரை விட்டுப் போகாதவங்களுக்கு ஆளுக்கு மாசம் ஐம்பதாயிரம் கியாட் உதவிப் பணம்" என்றார் தின்கன்ஜூன் வார்டு எழுத்தர் மகேந்திரன்.

"வேணாம் தம்பி. சிவராஜ் பாங்காக் போய் வருஷம் ஒண்ணாச்சு" என்றாள் ராதாமணி.

"இங்கதான் இருக்கான்னு சொல்லுங்க, போதும். எதிர் வீட்ல செத்துப்போன மனுஷனுக்கே வாங்குறாங்க!"

"இல்லாதவனை இருக்கான்னு எப்படிச் சொல்றது?"

விற்றுவிட்ட தையல் மெஷின் இருந்த இடம் கூடத்தில் வெறிச்சென்று கிடந்தது. அதைப் பார்த்ததும் மகேந்திரனுக்கு அவள்மேல் மரியாதை கூடிப்போனது.

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நாடு உருப்படும்க்கா" என்று அவள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு படியிறங்கினார்.

ராதாமணி கதவைத் தாழிட்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியில் ஏறிப் பரண் பலகையை இரண்டு முறை தட்டினாள்.

பலகை விலகியது. பட்டாளத்துக்கு இளைஞர்களைக் கட்டாயமாகப் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வெயிலே படாத ஒரு வெளிறிய கை கீழே நீண்டு, சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டது.

"ஏம்மா," என்றது மேலிருந்து சன்னமான குரல், "இந்த வார்டுலயே வருஷம் பூரா எங்கயும் போகாதவன் நான் ஒருத்தன்தானே?"