லிஸ்பன் ஹில்டா

கூட வரச் சொல்லி ஜெஸ்லின் கூப்பிடத்தான் போகிறாள். கூப்பிட்டதும் பல்லைக் காட்டிவிடக் கூடாது. கொஞ்சம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி நினைத்துக்கொண்டே ஹில்டா, கொழுந்தன் ரெக்சன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்தாள். ரெக்சனும் அவன் மனைவி ஜெஸ்லினும் மே மாத லீவில் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு லிஸ்பன் போகிறார்கள். எந்த நாள் எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்த டிராம் என்பதெல்லாம் ஹில்டாவின் கையெழுத்தில் இருந்தது.

“ஏளா, நல்லா கேட்டுக்க. ஏழு குன்று மேல இருக்க ஊரு அது. சின்னவன ஸ்ட்ரோலர்ல வச்சுத் தள்ளலாம்னு நெனச்சா முதுகு போயிரும். மேட்டுக்கு டிராம், எறக்கத்துக்கு நடை.”

“குதிகால் செருப்பு போடலாமாக்கா?” என்றாள் ஜெஸ்லின்.

“தாராளமா போடு. திரும்பி வரையில ஸ்ட்ரோலர்ல ஒன்னைய உக்கார வச்சு ரெக்சன் தள்ளுவான்.”

எட்டு வருஷத்துக்கு முன்னால், கணவன் மனுவேல் இன்ஜினியராக இருந்த சரக்குக் கப்பலில் ஹில்டாவும் மூன்று மாதம் கூடப் போனாள். அதில் நான்கு நாள் கப்பல் லிஸ்பன் துறைமுகத்தில் நின்றது. அந்த நான்கு நாளைத்தான் அவள் எட்டு வருஷமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறாள்.

திரேஸ்புரத்தில் மீன் வாங்கும்போதுகூட விடமாட்டாள். “லிஸ்பன்ல சாளையக் கரியடுப்புல சுட்டுத்தான் திம்பாவ” என்று ஆரம்பிப்பாள். “அப்ப அங்கனயே வாங்கிட்டு வந்திருக்கலாம்லா, லிஸ்பன் ஹில்டா!” என்பாள் மீன்காரி செல்வராணி. பெயர் ஒட்டிக்கொண்டது.

பேச்சுக்கு நடுவில் லிஸ்பன் எப்போது தலையை நீட்டும் என்று ஹில்டாவுக்கே தெரியாது. வாயைத் தைத்துவிடலாம் போலிருக்கும். ஆனால் அந்த ஊரை எடுத்துவிட்டால், அடுப்படியில் வெறும் ஹில்டா ஒருத்தி நிற்பாள். அவளோடு இவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

“நம்ம பேரும் பெர்னாண்டோ, அவனுவ பேரும் பெர்னாண்டோ. மாமன் மச்சான் கணக்கா வச்சுக்கிடுவானுவ, என்ன மதினி?” என்றான் ரெக்சன்.

“அங்கன தெருவுக்கு நாலு பெர்னாண்டோ. எந்த மாமன் காப்பி வாங்கித் தாரான்னு பாப்போம்.”

“சரி, விசாவுக்கு என்ன பேப்பர்லாம் கேட்டாவ? அண்ணனுக்குக் கரையில எறங்கக் கப்பல்காரவுக பாஸ் போதும். ஒங்களுக்கு?”

“அதெல்லாம் ஒங்க அண்ணன் பாத்த வேலை. எனக்கென்ன தெரியும்?” ஹில்டா பக்கத்தைத் திருப்பினாள்.

ஒன்பது வயது ஜாய் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். “பெரியம்மா, மொத என்ன தெரியும்?”

“பெரிய செவப்புப் பாலம். அதுக்கடுத்து, ஆத்தங்கரை மேட்டுல ஏசுசாமி ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு நிப்பாரு. ‘வா ஹில்டா, வா’ன்னு என்னையப் பாத்தே கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.” இதைச் சொல்லும்போது எப்போதும் அவள் குரல் ஒரு நொடி தடுக்கும். அன்றும் தடுக்கியது.

ஜெஸ்லின் கணவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

“அக்கா, நீங்களும் எங்க கூட வாரிய. டிக்கெட் எங்க செலவு.”

ஹில்டா பயிற்சி எடுத்திருந்த முகத்தை வைத்துக்கொண்டாள். “நானா? எனக்கு எதுக்குளா அதெல்லாம்?” மனசுக்குள் அதற்குள் பெட்டி கட்டி, பூட்டும் போட்டாயிற்று.

“எதுக்கா?” என்றான் ரெக்சன். “ஒங்கள நம்பி டூர்காரனையே வேண்டாம்னுட்டேன் மதினி. கொடியப் புடிச்சிக்கிட்டு முன்னால ஓடுவான், நாம பின்னால ஓடணும். ஒங்களுக்குத்தான் அங்கன சந்து பொந்தெல்லாம் அத்துப்படியே.”

“ரெண்டு நாளு நாங்க தனியாச் சுத்திட்டு வருவோம்” என்றாள் ஜெஸ்லின், கொஞ்சம் வெட்கத்தோடு. “பிள்ளையள நீங்க வெளிய கூட்டிட்டுப் போங்க. பாஷை தெரியாத ஊருல ஒங்களத் தவிர யாரையும் நம்பி விடுவனா?”

நான்கு வயதுச் சின்னவன் மேசை மேல் ஏறி, நோட்டில் ஹில்டா வரைந்திருந்த தெருவில் தன் பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தோணியார் கோயில் வரைக்கும் கார் ஒழுங்காக ஓடியது. அங்கே பென்சில் கோடு முடிந்துவிட்டது.

“இனி எங்க போணும் பெரியம்மா?”

ஹில்டா பென்சிலை எடுத்தாள். வலப்பக்கம் ஒரு கோடு இழுத்தாலும் அவன் ஓட்டுவான். இடப்பக்கம் இழுத்தாலும் ஓட்டுவான். அவ்வளவு நம்பிக்கையோடு அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ரெக்சன் தம்பி, அந்த டூர்காரனுக்கே போன் போட்டிரு. நான் வரல.”

“என்ன மதினி வெளையாடுதிய? நாலு நாளு சுத்துன ஊரு...”

ஹில்டா நோட்டை மூடி அவன் பக்கம் நகர்த்தினாள். மீன் சந்தை வரை எட்டும் அந்தக் குரல், மேசையைத் தாண்டவில்லை.

“நான் கப்பல விட்டு எறங்கவே இல்ல, ரெக்சன்.”