பரிசலுக்கு வந்த கிராக்கி

காலை ஆறரை மணிக்கு, ஆற்றங்கரையில் விற்பனைக்குக் கிடந்த மூன்று படகுகளைப் பார்க்க மாதையன் என்கிற நீர்நாய் வந்தது. ஒன்று மரத்தோணி, ஒன்று ஃபைபர் படகு, மூன்றாவது மூங்கில் பரிசல். இன்றும் விலைபோகாவிட்டால் பரிசலைக் கவிழ்த்துப்போட்டுக் கோழி அடைக்கப்போவதாகக் கடைக்காரக் கொக்கு சொல்லியிருந்தது.

"ஆத்துலயும் மீன் பிடிக்கணும், ஏரியிலயும் பிடிக்கணும் அண்ணா," என்றது நீர்நாய் கொக்கிடம்.

"நூறு வெள்ளம் பார்த்த கட்டை இது," என்றது தோணி.

"நான் போற வேகத்துக்கு மீனே வழிவிடும்," என்றது ஃபைபர் படகு.

"வழிவிட்டா நான் எதைப் பிடிக்கிறது?" என்ற நீர்நாய், பரிசலிடம் திரும்பியது. "நீ எப்படி?"

பரிசலுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் சுத்துவேன்."

"கொஞ்சமா? பம்பரம்ணா அது!" என்று சிரித்தது ஃபைபர் படகு. "கனமும் கிடையாது. காத்தடிச்சா பறந்துடும்."

"கனம் கிடையாதா?" நீர்நாய் காதை நிமிர்த்தியது. ஆற்றிலிருந்து ஏரிக்குப் போக, நடுவில் இருந்த மேட்டுக்கரையில் தினமும் படகைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். மனைவி நிறைமாதமாக இருந்ததால் கைகொடுக்க ஆளில்லை. அது பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பத்தடி நடந்து பார்த்தது.

"ஏன்ணா, இதை முதல்லயே காட்ட வேண்டியதுதானே?" என்று உள்ளேயிருந்தபடியே கொக்கைக் கோபித்துக்கொண்டது.

அந்த ஆண்டு ஐப்பசி பன்னிரண்டாம் தேதி ஏரியில் பெருமழை. கரையில் கவிழ்த்துப்போட்ட பரிசலுக்கு அடியில், மாதையனும் மனைவியும் மூன்று குட்டிகளும் நனையாமல் உட்கார்ந்து கெளுத்தி மீன் தின்றன.