சமையலறையிலிருந்து ஒரு ‘ம்’

“இப்ப என்ன படிக்கிறீங்க சார்?” பேட்டிக்கு வந்த பத்திரிகைப் பெண் பேனாவைத் திறந்தாள்.

“என் மனைவி பாதியில மடிச்சு வெச்ச நாவல்.”

“பார்க்கிறது?”

“அவ பாதியில விட்ட சீரியல். யார் வில்லின்னே புரியலை.”

“கொறிக்கிறது?”

எழுத்தாளர் மேசைமேல் இருந்த டப்பாவைக் குலுக்கினார். “அவ வறுத்த கடலை. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான்.”

“மேடம் ரொம்பக் கண்டிப்பு போல!” அவள் சிரித்தாள். “சரி, எழுதுறது?”

“எழுதறேன், கிழிக்கிறேன். ஒரு பக்கம் முடிஞ்சா உரக்க வாசிப்பேன். சமையலறையிலிருந்து அவ ‘ம்’ சொன்னா வெச்சுக்குவேன், இல்லேன்னா கிழிச்சுடுவேன். முப்பது வருஷப் பழக்கம்.”

காலையில் எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டினார். முடித்ததும் சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு பெருமூச்சோடு தாளைக் கிழிக்கப் போனார்.

“ஐயோ, ஏன் சார்? அதான் மேடம் ‘ம்’னு சொன்னாங்களே!”

அவர் கை அப்படியே நின்றது.

“அவ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சும்மா.”

அந்தப் பெண் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவரோ நிரம்பி வழிந்த குப்பைக்கூடையையே பார்த்தார்.

“அப்ப, இத்தனை நாளா நான் கிழிச்சுப் போட்டதெல்லாம் அவளுக்குப் பிடிச்சிருந்ததா?”

சமையலறையிலிருந்து வந்த பதில், அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் கேட்டது.