மூன்று தட்டு

சம்மட்டியின் கைப்பிடியால் சுவரை மூன்று முறை தட்டிவிட்டு, காதை அதன்மேல் ஒட்டவைத்தான்.

பதில் வராவிட்டால் சுவரோடு போகும். பதில் வந்தால் ஓர் ஆளும் சேர்ந்து போக வேண்டும்.

வழக்கம் இதற்கு நேர்மாறானது.

ஓட்டலின் ஒன்பதாவது மாடியில் இரண்டிரண்டு அறைகளை இணைத்து, பணக்கார விருந்தாளிகளுக்குப் பெரிய அறைகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நடுச்சுவருக்கும் இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். உடைக்கப் போகிறவன் முதலில் மூன்று தட்டு தட்ட வேண்டும். அந்தப் பக்கம் யாராவது இருந்தால் மூன்று தட்டு திருப்பித் தட்டுவார்கள். பதில் வந்துவிட்டால் சம்மட்டியைத் தூக்கக் கூடாது.

டிரில் மெஷின் ஓடும் மாடியில் கத்தினால் சுவருக்கு அப்பால் யார் காதிலும் விழாது. செங்கல் வழியாக வரும் தட்டு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

அதில் ஒரே ஒரு ஓட்டை. காதைச் சுவரில் வைத்தவனுக்கு மட்டும்தான் அது கேட்கும். பதிலே வரவில்லை என்று அவன் சாதித்துவிட்டால், வந்தது என்று சொல்ல வேறு ஆள் கிடையாது.

நேற்று இது மனதில் பட்டதிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பக்கம் இருப்பவன் மச்சான். மனைவியின் அண்ணன். பன்னிரண்டு நாளாக அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்ப மாட்டேன் என்கிறவன்.

நேற்று லிஃப்ட் வாசலில், அத்தனை பேர் நடுவில், "அவ வர மாட்டா மாப்ளே. சும்மா நடையா நடக்காதீங்க, செருப்புத்தான் தேயும்" என்றான். ஆட்கள் சிரித்தார்கள். இவனும் வேறு வழியில்லாமல் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தான்.

சண்டை எந்த வீட்டில்தான் இல்லை?

மச்சான் இருக்கும்வரை அவளுக்குப் போக்கிடம் இருக்கும். போக்கிடம் இல்லாவிட்டால் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? இந்தக் கணக்கு அவனுக்கு மிகச் சுலபமாகப் பட்டது.

காலையில் குளியல் தொட்டியில் கையைப் பழக்கிக்கொண்டான். வார்ப்பிரும்புத் தொட்டி. பார்வைக்கு யானை, விளிம்பில் ஓங்கி அடித்தால் வளையாது, மண்சட்டிபோல உடையும். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் மச்சானின் முகத்தை அதில் வைத்தான். ஏழே அடி. தொட்டி துண்டு துண்டாகக் கிடந்தது.

பிறகு சுவரைத் தயார் செய்தான்.

முறைப்படி சுவரை உச்சியிலிருந்து வரிவரியாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் கல் காலடியில் விழும், ஆள்மேல் பாயாது. அவன் உச்சியைத் தொடவே இல்லை. நெஞ்சு உயரத்தில் பளிங்கைப் பெயர்த்தான். பூச்சைச் சுரண்டினான். உளியை நுழைத்து, ஆறு கற்களைச் சுற்றியிருந்த சாந்தை முக்கால் ஆழம்வரை குடைந்து எடுத்தான்.

ஈறு விட்ட பல் இருக்கிறதே, அப்படித்தான் சாந்து போன கல்லும். நிற்கும், பிடிப்பு இருக்காது. ஒற்றைக்கல் சுவர் வேறு. பத்துக் கிலோ சம்மட்டி நட்டநடுவில் இறங்கினால் ஆறும் சேர்ந்தாற்போல அந்தப் பக்கம் பாயும். எந்த நெஞ்செலும்பும் தாங்காது.

"என்னப்பா, சுவருகிட்ட பொண்ணு கேக்குறியா? காதை வச்சுக்கிட்டே நிக்கிற!" தங்க முலாம் பூசிய குழாய்களைக் கழற்றிப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்த குழாய்க்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "மணி ஒண்ணாச்சுன்னா சம்மட்டியக் கீழ வைக்கச் சொல்லிருவாங்க. கீழ் மாடியில ஐயாமாருங்க தூங்கணுமாம்."

அவன் கையை உயர்த்தி அவரை அடக்கினான்.

டொக். டொக். டொக்.

வந்துவிட்டது. அதுவும் நெஞ்சு உயரத்தில், குடைந்து வைத்த கற்களுக்கு நேர் பின்னால். ஆள் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதைத் தட்டே காட்டிக் கொடுத்துவிடும். கன்னத்தில் அந்த அதிர்வு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பதிலே இல்லண்ணே!" என்று உரக்கச் சொன்னான்.

இரண்டு எட்டு பின்வாங்கினான். சம்மட்டியைக் கையால் வீசுகிறவன் கற்றுக்குட்டி. வேகம் குதிகாலில் பிறந்து, இடுப்பில் திரும்பி, கடைசியில்தான் தோளுக்கு வர வேண்டும். அப்படியே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினான்.

சுவர் வெடித்தது. சம்மட்டி பாதிக் கைப்பிடிவரை அந்தப் பக்கம் போனது. கண்ணாடி ஒன்று நொறுங்கியது. கற்கள் தரையில் மோதி உருண்டன.

அலறலுக்காகக் காத்திருந்தான்.

தூசிதான் வந்தது. வாயிலும் கண்ணிலும் அப்பிக்கொண்டு, பிறகு மெல்ல அடங்கியது.

ஓட்டை வழியாக மச்சான் தெரிந்தான். சுவரை ஒட்டி அல்ல. மூன்று ஆள் நீளத்துக்கு அப்பால், அறையின் மூலையில் ஒதுங்கி நின்றான். கையில் சாரம் கட்டும் நீளமான இரும்புக் குழாய். அதன் முனையால்தான் பதில் தட்டியிருக்கிறான். அவன் தோளைப் பிடித்தபடி சூப்பர்வைசர், தரையில் சிதறிக் கிடந்த ஆறு கற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் குழாயைக் கீழே வைத்தான். பேச்சில் மரியாதை மட்டும் குறையவில்லை.

"சுவரைத் தட்டினா பக்கத்துல நின்னு பதில் சொல்லாதேன்னு தங்கச்சிதான் சொல்லி அனுப்பினா மாப்ளே. நான் நம்பலை, இருந்தாலும் இவரைக் கூட்டிட்டு வந்தேன். வீட்லயும் குளியலறைக் கதவைத் தட்டி, 'உள்ள இருக்கியா'ன்னு கேப்பீங்களாமே? கதவுக்குப் பின்னாலதான் இருக்கேன்னு அவ சொன்னதுக்கு அப்புறந்தான் உதைச்சு உடைப்பீங்களாம்."