மச்சானின் வேனை முந்த வேணும்

"எஞ்சினில குறை இல்ல காக்கா. இன்னும் என்னத்தத்தான் கூட்டுற?" என்று பொனட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தான் முனாப்.

"இழுவை காணா மனெ. கொஞ்சம் கூட்டித் தா," என்றார் அப்துல் ஹமீட்.

முனாப்பின் கல்முனை கராஜுக்கு அவர் எத்தனை முறை வந்துவிட்டார் என்று எண்ணுவதையே அவன் விட்டுவிட்டான். ஹமீடின் வாப்பா விட்டுப்போன பழைய லான்சர் கார் அது. ஒரு காலத்தில் ரேஸ் ஓடிய ஜாதி. ஹமீட் அதைக் குழந்தையைப் போல் துடைப்பார். ஸ்டியரிங்கில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார், மெக்கானிக்கைக்கூட. முனாப் கராஜில் நின்ற நிலையிலேயே எஞ்சினை முறுக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

"சுனாமியில கடல் தண்ணி குடிச்ச கார். அந்த உப்பு இன்னும் உள்ள இரிக்கும் போல."

"அத நான் கழட்டிக் கழுவி அஞ்சு வருசமாச்சு. உப்பு உங்கட ஊட்டுக் கறியில இரிக்கும், இதில இல்ல."

சொன்னானே தவிர, மனிதரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விசயம் சின்னதல்ல. போன மாதம் குடும்பத்தோடு பொத்துவிலுக்குப் போகும்போது, மனைவி நதீராவின் தம்பி ஓட்டிய வேன் இவர்களை முந்திப் போய், வழியில் கோமாரி ஊரில் நிறுத்தி, எல்லோரும் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் லான்சர் போய்ச் சேர்ந்தது.

"இந்த முறையும் தம்பிக்குப் பின்னால போனா காரை வித்துப் போடுங்க. எனக்கு வெக்கமா இரிக்கி," என்று நதீரா முடிவாகச் சொல்லிவிட்டாள். லான்சர் இல்லாத வாசலை ஹமீடால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முனாப் பெரிய காபரேட்டர் போட்டான். எஞ்சின் ஹெட்டைக் கொஞ்சம் சீவினான். சைலன்சரை மாற்றினான். ஸ்டார்ட் பண்ணியதும் பக்கத்துக் கடைக்காரர் பயந்து எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பொத்துவிலுக்குப் போன பயணத்தில் முனாப்பும் முன் சீட்டில் ஏறிக்கொண்டான். யுத்தம் முடிந்து போட்ட புதுக் காபட் ரோடு தார் மினுங்க நேராகக் கிடந்தது. திருக்கோவில் தாண்டியதும் வேன் ஹோன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. மச்சான் சிரித்தபடி கை காட்டினான்.

"பாத்தீங்களா, நான் சொன்னன்தானே," என்றாள் பின் சீட்டில் நதீரா.

ஹமீட் அழுத்தி மிதித்தார். எஞ்சின் அலறியதே தவிர வேகம் ஏறவில்லை. முனாப் காது கொடுத்துக் கேட்டான். பிறகு மெல்ல ஹமீடின் இடது கையைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காக்கா, கிளச்ச மிதிங்க."

மிதித்தார். முனாப் கை நீட்டி ஒரு இழு இழுத்தான்.

லான்சர் பாய்ந்தது. "அல்லாஹ்" என்று சீட்டைப் பிடித்த நதீரா, பிறகு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிக்கத் தொடங்கினாள். வேன் கிட்ட வந்தது, பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. அவள் ஜன்னலால் தலையை நீட்டித் தம்பிக்கு ஆசை தீரக் கை காட்டினாள். கோமாரியும் வந்து போய்விட்டது. தேத்தண்ணியை யாரும் நினைக்கவில்லை.

"என்ன மனெ செஞ்ச?" ஹமீடுக்கு மூச்சு வாங்கியது.

"நாலாம் கியர் போட்டன். நீங்க மூண்டோடயே நிண்டுட்டீங்க. ஏன் காக்கா, நாலு போடுறதே இல்லையா?"

"எங்க மனெ போடுற? சண்டைக் காலத்தில நான் கார் பழகின நாளில இருந்து, மூண்டு போட்டு முடியுமுன்ன அடுத்த செக் பொயின்ட் வந்திருமே."