சீட் நகர்ந்திருக்கணும்

"ஒண்ணே ஒண்ணு பாருக்கா. சீட்."

பட்டறைக்குப் போகும் பஸ்ஸில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டு வந்தான்.

"சீட்ல என்னடா?"

"உண்மையா வேலை பார்த்தவன் வண்டிய ஓட்டிப் பார்ப்பான். ஓட்டணும்னா சீட்டை அவன் உசரத்துக்கு இழுத்துப் போட்டுக்கணும். சீட் வச்ச இடத்துலயே இருந்தா, பானெட்டைத் திறந்து மூடிட்டு பில் போட்டிருக்கான்னு அர்த்தம். அதுவும் இந்த மெக்கானிக் என் தோளுக்குக்கூட வரமாட்டான். அத்தான் சீட்ல உட்கார்ந்தா கால் அந்தரத்துல தொங்கும்."

தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மெக்கானிக்குகளை மடக்கத் தெரியும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேள், வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில், எல்லாம் வீடியோ பார்த்துத் தேர்ந்தது.

அவளுக்கும் ஓட்டத் தெரியாது. கணவர் இறந்த பிறகு வண்டி ஷெட்டிலேயே நின்றது. சாயங்காலமானால் கதவைத் திறந்து, எப்போதும் உட்காரும் பக்கத்துச் சீட்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அவருடைய சீட் கடைசிவரை பின்னால் தள்ளியபடி இருக்கும். நெட்டை மனிதர்.

அவருடைய சட்டைகளைத் தம்பி மனைவி யாருக்கோ கொடுத்துவிட்டாள். மனசு மாறட்டும் என்று கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். அவர் வைத்தது வைத்தபடி வீட்டில் மிச்சமிருந்தது அந்தச் சீட் ஒன்றுதான்.

இதைத் தம்பியிடம் சொல்ல முடியாது. சொன்னால், அன்றைக்கே மனைவியோடு பெட்டியும் கையுமாக வந்து இறங்கிவிடுவான்.

"நிறுத்தியே வச்சா பிரேக் துருப்பிடிச்சிடும்" என்று அவன் நச்சரித்ததால்தான் மெக்கானிக்கை வரச் சொன்னாள். வந்தவர் வேறு பேட்டரி வைத்து வண்டியைக் கிளப்பினார். கதவைத் திறந்து சீட்டை முன்னால் இழுக்க அடியில் கையை விட்டார். வாசலில் நின்றவள் தன்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

பார்க்கத் தெம்பில்லாமல் உள்ளே போய்விட்டாள். வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது. நகர்ந்திருக்கும், நகர்ந்திருக்கும் என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிப் பழகியிருந்தாள்.

பட்டறையில் நுழைந்ததும் தம்பி நேராக வண்டிக்குப் போனான். கதவைத் திறந்து குனிந்தான். நிமிர்ந்தபோது முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"பார்த்தியா? சொன்னேன்ல!"

சீட் கடைசிவரை பின்னால் இருந்தது.

அவளுக்கு மூச்சு வந்தது.

"ஏம்ப்பா, வண்டிய ஓட்டிப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். பிரேக் புதுசு. மேட்டுல ஏத்தி, இறக்கத்துல பிடிச்சும் பார்த்துட்டேன்."

"இந்தச் சீட்ல உட்கார்ந்தா?"

"ஆமா சார்."

"உன் கால் பெடலுக்கு எட்டுமா? இல்ல, ரிமோட்ல ஓட்டினியா?"

பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்த யாரோ சிரித்தார்கள். மெக்கானிக் கைதுடைக்கும் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார். அவளை ஒரு தரம் பார்த்தார்.

"வாயைத் திறக்கிறானா பாருக்கா. பொம்பளை தனியா இருக்கா, கேக்க ஆளில்லேன்னு நெனச்சுட்டான். பிரேக்குய்யா இது, உசிர் போற விஷயம்! நீயே கேளுக்கா இவனை."

அவள் கேட்கவில்லை. இந்த மனுஷர் ஏமாற்றுக்காரராகவே இருந்துவிட்டுப் போகட்டும், வண்டியைத் தொடாமலே பொய் சொல்லியிருக்கட்டும் என்றிருந்தது. சீட் இருக்கிறது, போதும். திட்டு வாங்கிக்கொண்டிருந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், கதவில் இல்லாத தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"சரி, நேர்லயே பார்த்துடலாம்" என்றான் தம்பி. "வீடு வரைக்கும் நீயே ஓட்டிட்டு வா. அக்கா முன்னாடி உட்காரட்டும், நான் பின்னாடி. இப்ப சீட்டை இழுக்காம எப்படி ஓட்டறேன்னு பார்க்கறேன்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். அவள் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சீட்டை இழுத்தால் 'கடக்'கென்று ஒரு சத்தம் வரும். அதற்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். மெக்கானிக் பட்டறைக்குள் போய் இரண்டு தலையணைகளை எடுத்து வந்தார். இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது. கிரீஸ் ஒட்டாமலிருக்க மேலே துவைத்த துண்டு சுற்றியிருந்தது. அதை முதுகுக்குக் கொடுத்து, சீட்டின் நுனிக்கு நகர்ந்து, காலை எட்டிப் பெடலில் வைத்தார். அப்பா வண்டியில் திருட்டுத்தனமாக ஏறி உட்கார்ந்த பையனைப்போல இருந்தார்.

பின்சீட்டிலிருந்து தம்பி எக்கி, பெடலில் பதிந்த காலைப் பார்த்தான்.

வண்டியைக் கிளப்பி ரிவர்ஸ் போட்டார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். அதையும் திருப்பவில்லை.

"இதுல எனக்குக் கூரைதான் தெரியுது" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பின்னாடி யாராவது வராங்களான்னு நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கம்மா."